நாலு போர்ஷன் வீடு வாங்கி வாடகைக்கு விடுவது எப்படி?

சென்னைப் புறநகரில் கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நாலு போர்ஷன் உள்ள வீடு விலைக்கு வந்தால், புரோக்கர் வாடகையைத்தான் முதலில் சொல்வார். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது, அந்த நாலு குடித்தனமும் எதையெல்லாம் பொதுவாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதை. சண்டையும் செலவும் அங்கிருந்துதான் வரும்.

படி 1: கையில் நிற்கும் வாடகை

உதாரணத்துக்கு, விலை 90 லட்சம், போர்ஷனுக்கு வாடகை 9,000. வருடத்துக்கு 4,32,000 ரூபாய். ஒவ்வொரு போர்ஷனும் ஒரு மாதம் காலியாக இருக்கும் என்று 36,000 கழியுங்கள். சொத்து வரி, பெயிண்ட், மோட்டார் ரிப்பேர் எல்லாவற்றுக்கும் ஒரு 60,000. மீதி 3,36,000. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதம் சேர்த்தால் உங்கள் முதலீடு 98 லட்சத்தைத் தாண்டும். வருமானம் நூற்றுக்கு மூன்றரைகூட இல்லை. அதனால் முழுக்கக் கடன் வாங்கி இறங்காதீர்கள். வட்டியை வாடகை தாங்காது.

படி 2: பத்திரம்

தாய்ப் பத்திரம் (விற்பவருக்கு முன்பு சொத்து யாரிடம் இருந்தது என்று காட்டும் பழைய பத்திரம்), பட்டா, 30 வருட வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாவற்றின் பட்டியல்), பிளான் அப்ரூவல். இவற்றை வக்கீலிடம் கொடுத்துப் பாருங்கள். பிளானில் இரண்டு வீடு, நேரில் நாலு வீடு என்றால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

படி 3: காலை ஆறு மணிக்குப் போங்கள்

நாலு வீட்டிலும் குழாய் திறக்கும் நேரம் அது. நான் பார்க்கப் போன ஒரு வீட்டில், மாடியில் வாளியில் நூல் போலத் தண்ணீர் வந்தது. மோட்டார் சுவிட்ச் கீழ் வீட்டுச் சமையலறைக்குள் இருந்தது. அவர்கள் எழுந்தால்தான் டேங்க் நிரம்பும். மோட்டார் ஓடுவதும் அவர்கள் மீட்டரில்தான். யூனிட் ஏற ஏற மின்கட்டண விகிதமும் ஏறும் என்பதால், நாலு வீட்டுத் தண்ணீருக்கும் அந்த ஒரு குடும்பம் கட்டிக்கொண்டிருந்தது. மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

வாங்கினால் இதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் பொது மீட்டர், ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி கனெக்‌ஷன். அப்போதுதான் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரமும் அந்தந்தக் குடும்பத்துக்கே போகும். அப்புறம் செப்டிக் டேங்க் எத்தனை வீட்டுக்குக் கட்டியது, கோடையில் எத்தனை லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள் என்று குடியிருப்பவர்களிடமே கேளுங்கள்.

படி 4: ஒப்பந்தம்

பதினோரு மாதம் என்றால் பதிவு வேண்டாம் என்று பலர் இன்னும் நினைக்கிறார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, எழுதிய ஒப்பந்தமும் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். பொது மீட்டர் பில், லாரித் தண்ணீர், வண்டி நிறுத்தும் இடம் மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். வாடகை பாக்கி என்றாலும் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது.

படி 5: சாவி கொடுக்கும் நாள்

மீட்டர் ரீடிங், சுவர், குழாய் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் பணத்தைத் தனி பேங்க் கணக்கில் போடுங்கள், அதைத் தொடாதீர்கள். காலி செய்யும் நாளில் அந்தப் போட்டோவை வைத்துக் கணக்குப் பார்த்து, வண்டியில் சாமான் ஏறி முடிவதற்குள் மீதியைக் கையில் கொடுத்துவிடுங்கள்.