இன்டர்ன்ஷிப்பில் செய்த வேலையைப் போர்ட்ஃபோலியோவில் போடலாமா?

இன்டர்ன்ஷிப் முடிந்த கையோடு, செய்ததையெல்லாம் போர்ட்ஃபோலியோவாக, அதாவது வேலை தேடும்போது காட்டும் படைப்புத் தொகுப்பாக, பெஹான்ஸ் என்ற டிசைனர்களின் தளத்திலோ லிங்க்ட்இனிலோ ஏற்றிவிடும் மாணவர்கள் நிறைய. ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்தது நாம்தான். ஆனால் பதிப்புரிமை நம்மிடம் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கல்லூரிகள் இதை முதல் நாளே சொல்லி அனுப்ப வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

படி 1: பிரித்துப் பாருங்கள்

ஒரு விளம்பர ஏஜென்சியில் இன்டர்னாக இருந்தபோது, அதன் வாடிக்கையாளரான நகைக்கடைக்கு ஒரு தீபாவளி போஸ்டர் செய்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். லோகோ கடையுடையது. மாடல் படத்தைக் கடைக்காரர் காசு கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை அவருக்கே, ஃபோட்டோகிராஃபருக்கு இல்லை. பின்னணிக் கோலம் ஏஜென்சி பெயரில் உரிமம் வாங்கிய ஸ்டாக் படமாக (இணையத்தில் விற்கப்படும் தயார்ப் படம்) இருக்கலாம். நீங்கள் செய்தது லேஅவுட்டும் வாசகமும். ஒவ்வொரு வேலைக்கும் இப்படி ஒரு பட்டியல் போடுங்கள்.

படி 2: ஆஃபர் லெட்டரைப் படியுங்கள்

அந்த லேஅவுட்டாவது உங்களுடையதா? 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு: ஊழியராகவோ அப்ரன்டிஸாகவோ (தொழில் பழகுநர்) வேலையின் பகுதியாகச் செய்தது, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். உரிமையை எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா, ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். உரிமை கைமாறினாலும், "இதை உருவாக்கியது நான்" என்று சொல்லும் உரிமையை 57ஆம் பிரிவு விட்டுவைக்கிறது. ஆனால் அப்படிச் சொல்வது வேறு, போஸ்டரையே ஏற்றுவது வேறு.

படி 3: கிளம்புவதற்கு முன்பே அனுமதி கேளுங்கள்

வாய்வார்த்தை போதாது. மெயிலில் கேளுங்கள்:

"வணக்கம் சார், நான் பணியாற்றிய தீபாவளி போஸ்டரை (கோப்பு இணைத்துள்ளேன்) வேலை தேடுவதற்கான என் இணையப் போர்ட்ஃபோலியோவில் வைக்க அனுமதி வேண்டுகிறேன். நிறுவனத்தின் பெயரையும் என் பங்கு லேஅவுட், வாசகம் என்பதையும் குறிப்பிடுவேன். விற்பனைக்கோ விளம்பரத்துக்கோ பயன்படுத்த மாட்டேன்."

பதில் வந்ததும் பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள். அலுவலக மெயில் கடைசி நாளோடு முடங்கிவிடும், அதனால் சொந்த முகவரியிலிருந்தே அனுப்புங்கள். ஏஜென்சி சம்மதித்தாலும், போஸ்டரின் உரிமை நகைக்கடைக்குப் போயிருந்தால் கடையிடமும் கேட்கத்தான் வேண்டும்.

படி 4: இரண்டு பிரதிகள்

கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ பிரதியெடுப்பதற்கு அதே சட்டத்தின் 52ஆம் பிரிவில் விலக்கு உண்டு. அதை நம்பிப் பொதுத்தளத்தில் ஏற்றாதீர்கள், அங்கே நடப்பது பாடம் இல்லை. கல்லூரிக்கு ஒன்று, வெளியுலகத்துக்கு ஒன்று என்று பிரித்து வையுங்கள். வாடிக்கையாளர் பட்டியல், விலைப்பட்டியல் போன்ற ரகசியங்கள் இரண்டிலுமே வேண்டாம்.

படி 5: மற்றவர்களின் படங்கள்

கூகுளில் கிடைப்பது இலவசம் என்று அர்த்தமில்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் (நிபந்தனைகளோடு யாரும் பயன்படுத்த அனுமதிக்கும் பொது உரிமம்) படமென்றால் தலைப்பு, எடுத்தவர் பெயர், இணைப்பு, உரிம வகை நான்கையும் படத்தின் அடியிலேயே எழுதுங்கள்.

அனுமதி மறுத்துவிட்டார்களா? சரி, கற்பனைப் பெயரில் ஒரு கடையை உருவாக்கி, அதற்கு லோகோவிலிருந்து வாசகம் வரை புதிதாக ஒரு போஸ்டர் செய்யுங்கள். பழையதைப் பார்த்து வரையாதீர்கள். "பயிற்சிக்காகச் செய்தது" என்று மேலே எழுதிவிட்டால் தாராளமாக ஏற்றலாம்.