செட்டிநாட்டு வீட்டைப் பின்வாசலிலிருந்து பாருங்கள்

செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானில் நான் சுற்றிக் காட்டுகிறவர்கள் வண்டியை விட்டு இறங்கியதுமே கேட்பது, "சுவரில் முட்டை வெள்ளைக்கரு பூசியிருக்காமே?" பூசியிருக்கிறது, தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் இருந்ததைத்தான் அது சொல்லும். வீட்டில் யாருக்கு எது வரை அனுமதி என்று தெரிய வேண்டுமானால் பின்தெருவுக்கு வாருங்கள்.

பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். வேலைக்காரர்கள் வந்து போனது பின்வாசல் வழியாக. அங்கிருந்து உள்ளே நடக்கும்போது தரையையே பாருங்கள். பல வீடுகளில் அடுப்படிப் பக்கம், ஆட்டுக்கல் கிடக்கிற இடத்தில், வெறும் கல்தரைதான். உள்ளே வர வர ஆத்தங்குடிக் கல், பக்கத்து ஊரில் செய்கிற பூப்போட்ட தரை ஓடு. முகப்பை நெருங்கினால் இத்தாலியச் சலவைக்கல், பர்மாத் தேக்குத் தூண். வாசலுக்கு வருகிறவர் கண்ணில் படுகிற இடத்தில்தான் காசைக் கொட்டியிருக்கிறார்கள். கணக்குவழக்குக்கு வந்தவர்கள் திண்ணையோடு சரி.

நடுவில் வளவு, அதாவது திறந்த முற்றம். சுற்றிலும் அறைகள், கல்யாணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஒன்று. கல்யாணம் ஆனால் அவன் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு, கோயிலுக்குத் தனி வரி. அறைகளை அடியளந்து பாருங்கள், அண்ணன் தம்பிக்குள் பெரிய வித்தியாசம் இருக்காது. ஏற்ற இறக்கமெல்லாம் திண்ணைக்கு வெளியிலும் அடுப்படிக்குப் பின்னாலும்தான்.

இனி தெருவில் நின்று மேலே பாருங்கள். கஜலட்சுமிக்கு இரண்டு பக்கமும் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய்ச் சுதைகள் சில வீடுகளில் உண்டு. இதைப் பார்த்ததும் ராஜ விசுவாசி வீடு என்று முடிவு கட்டாதீர்கள். ரங்கூனிலும் சென்னையிலும் பார்த்த பகட்டை ஊருக்குக் கொண்டுவந்தவர்களும் உண்டு. பொம்மையைவிட நான் நம்புவது பெயர்ப் பலகையையும் முகப்புச் சுவரில் மாட்டிய படங்களையும். 'ராவ் பகதூர்' என்று ஆங்கில அரசு கொடுத்த பட்டம் பொறித்திருக்கிறதா? ஐந்தாம் ஜார்ஜ் தொங்குகிறாரா, காந்தியா? இருவரும் பக்கத்தில் பக்கத்தில் என்றால் ஆச்சரியப்படாதீர்கள், வியாபாரி வீடு அது. படம் கழற்றிய இடத்தில் சுண்ணாம்பு வெளுப்பாகத் தெரியும். அங்கே யார் இருந்தார் என்று வீட்டுப் பெரியவரைக் கேளுங்கள்.

இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், ஒரே சமூகம், அதனால் ஒரே கட்சி என்று நினைக்க வேண்டாம். 1912-இல் இங்கே அரண்மனை கட்டிய அண்ணாமலைச் செட்டியாருக்கு 1929-இல் ஆங்கில அரசு பரம்பரை ராஜா பட்டம் கொடுத்தது. மகன் முத்தையா நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவர். பக்கத்துக் காரைக்குடியில் சா. கணேசன் காங்கிரஸ்காரர்.

கட்டிய வருஷம் முகப்பில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். 1930-க்கு முன் என்றால் பெரும்பாலும் பர்மாவில் வட்டிக்கு விட்டுச் சம்பாதித்த பணம் பாய்ந்த காலம். பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது, 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தான்.

பூட்டிய அறையைத் திறக்கச் சொல்லி வாட்ச்மேனைத் தொந்தரவு செய்யாதீர்கள். சாவி பங்காளிகளிடம், அவர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. முன்னோருக்குப் படையல் போடுகிற படைப்புக்கோ கல்யாணத்துக்கோ எல்லோரும் கூடுகிற நாளில் யாராவது அழைத்தால் தவறாமல் போங்கள், அன்றைக்குத்தான் எல்லா அறையும் திறந்திருக்கும்.