அசர்ட் மேக்ரோக்களை ஒன்றாக்குவதற்கு முன்

பழைய சி, சி++ கோட்பேஸ் எதைத் திறந்தாலும் டீமுக்கு ஒரு அசர்ட் மேக்ரோ (ஓடும்போதே ஒரு நிபந்தனையைச் சோதித்து, தப்பிருந்தால் கத்தும் கோட் துண்டு) கிடக்கும். ஒன்றாக்கச் சொன்னால் பலர் நேராக ஃபைண்ட்-ரீப்ளேஸில் இறங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. பெயர் ஒத்துப்போவது பெரிதில்லை, நடத்தை ஒத்துப்போக வேண்டும்.

கிரெப் (கோப்புகளில் சொல் தேடும் கருவி) போட்டு எல்லா மேக்ரோ வரையறைகளையும் எடுத்து, ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். நிபந்தனை பொய்யானால் கத்துமா, மெய்யானால் கத்துமா? லினக்ஸ் கெர்னலின் பக்-ஆன் மேக்ரோ மெய்யானால்தான் கத்தும். சாதாரண அசர்ட்டுக்கு நேர் எதிர். கத்திய பிறகு நிறுத்துமா, தொடருமா? அதே கெர்னலில் வார்ன்-ஆன் எச்சரித்துவிட்டுத் தொடரும்.

மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது: ரிலீஸ் பில்டில் (பயனருக்குப் போவது; பிழை தேட நாம் ஓட்டுவது டீபக் பில்ட்) அடைப்புக்குறிக்குள் இருப்பது ஓடுமா? என்டீபக் (அசர்ட்டை அணைக்கும் மேக்ரோ, ரிலீஸில் வழக்கமாகப் போடுவது) வரையறுக்கப்பட்டிருந்தால் அசர்ட்டுக்குள் இருக்கும் எதுவும் ஓடாது. ‘வரிசையிலிருந்து ஒன்றை எடு, அது நல் (வெற்று மதிப்பு) இல்லை என்று பார்’ என்று ஒரே அசர்ட்டுக்குள் எழுதியிருந்தால், டீபக்கில் எடுக்கும், ரிலீஸில் எடுக்கவே எடுக்காது. மைக்ரோசாஃப்டின் சி++ நூலகமான எம்எஃப்சியின் வெரிஃபை அப்படியில்லை, ரிலீஸிலும் ஓடும். வெரிஃபை ரக மேக்ரோவை அசர்ட்டாக மாற்றினால் டீபக் பில்டில் டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும். அப்புறம் ரிலீஸில் தெரியும் சேதி.

அதனால் ஃபங்ஷன் அழைப்பை வெளியே இழுத்து, விடையை ஒரு வேரியபிளில் வைத்து, அதை மட்டும் அசர்ட் செய்யுங்கள். இப்படிப்பட்ட இடங்களைத் தேட கிளாங்-டைடி என்ற கோடு சோதிக்கும் கருவியில் ஒரு செக் இருக்கிறது. உங்கள் சொந்த மேக்ரோ பெயர்களை அதற்குக் கொடுக்க வேண்டும். ஃபங்ஷன் அழைப்புகளைப் பார்க்கும் ஆப்ஷன் இயல்பாக அணைந்திருக்கும், அதையும் ஆன் செய்யுங்கள். சத்தம் (தேவையில்லாத எச்சரிக்கை) கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

சரி, புதிதாக எத்தனை வேண்டும்? குரோம் உலாவியின் அடிப்படையான குரோமியத்தில் இருப்பதுபோல, எப்போதும் ஓடும் செக், டீபக்கில் மட்டும் ஓடும் டீ-செக் என்று இரண்டு போதும் என்பேன். தொடர்ந்து ஓட வேண்டிய எச்சரிக்கை தனி ரகம், அதை லாகிங் பக்கம் தள்ளிவிடுங்கள். மேக்ரோ உடலை டூ-வைல்-ஜீரோவில், அதாவது ஒரே முறை ஓடும் லூப்பில், சுற்றுங்கள். இல்லாவிட்டால் பிரேஸ் போடாத இஃப்-எல்ஸில் மாட்டும்.

மாற்றும்போது முதலில் பழைய பெயர்களைப் புதியதை அழைக்கும் மெல்லிய உறையாக்குங்கள். எதிர்த்திசை மேக்ரோவாக இருந்தால் உறைக்குள்ளேயே நிபந்தனையைத் தலைகீழாக்கிவிடுங்கள். பிறகு டைரக்டரிக்கு ஒரு கமிட். பல வரிக்கு நீளும் அழைப்புகளில், வரி வரியாக மாற்றும் செட் (sed) கருவி திணறும். சி கோடு என்றால், கோடின் அமைப்பைப் பார்த்து மாற்றும் காக்சினெல் கருவி நல்லது. ஒரு பெயர் முழுதாக ஒழிந்ததும் பொது ஹெடரில் ஜிசிசி கம்பைலரின் பாய்சன் பிராக்மாவை (ஒரு பெயரைத் தடை செய்யும் கட்டளை) போடுங்கள். அதன் பிறகு அந்தப் பெயரை யார் எழுதினாலும் பில்ட் உடையும். சிஸ்டம் ஹெடர்களும் அதே பெயரைப் பயன்படுத்தினால் அங்கேயும் உடையும், எனவே பிராக்மா அவற்றுக்குக் கீழே இருக்கட்டும்.