சான் பிரான்சிஸ்கோவுக்கு எந்த மாதம் போகலாம்? மூடுபனி நகரத்துக்குத் தேதி குறிக்கும் முறை

ஜூலை மாதம். சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்து ஊரான ஃப்ரீமாண்டில் மகன் வீட்டு வாசலில் வெயில் 33 டிகிரி. பருத்திச் சேலையும் அரைக்கைச் சட்டையுமாகக் கிளம்பி, ஒரு மணி நேரம் காரில் போய்க் கோல்டன் கேட் பாலத்தருகே இறங்கினால் 14 டிகிரி குளிர், முகத்தில் அறைகிற காற்று. மூடுபனியில் பாலத்தைக் காணோம். 746 அடி உயரக் கோபுரங்களின் நுனிகூடத் தெரியவில்லை. பிள்ளைகளைப் பார்க்க சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்கு வரும் பெற்றோர் பலருக்கு இந்த ஏமாற்றம் பழக்கமானது. கோடை என்றால் வெயில் என்று நம்பித் தேதி குறிப்பதால் வரும் வினை இது.

அவசரமாக விடை வேண்டுபவர்களுக்கு: செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் இறுதிவரை வாருங்கள். நம் கணக்கில் புரட்டாசி முழுவதும், ஐப்பசியின் முதல் பாதியும். அந்த மாதங்களில் வர முடியாதவர்கள் மேலே படியுங்கள். மாதம் கையில் இல்லாவிட்டாலும் மணியையும் பேட்டையையும் சரியாகத் தேர்ந்தால் பயணம் வீணாகாது.

படி 1: மூடுபனி எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பின்னால் வரும் எல்லாப் படிகளும் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

வசந்தம் தொடங்கியதும் பசிபிக் கடல்மேல் ஓர் உயர் அழுத்த மண்டலம் நிலைகொள்கிறது. அதைச் சுற்றி வரும் வடமேற்குக் காற்று, கலிபோர்னியக் கரையோரத்து மேல்நீரைக் கடலுக்குள் ஒதுக்கித் தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. அதனால்தான் கோடையிலும் அங்கே கடல்நீர் 12, 13 டிகிரியில் கிடக்கிறது. ஈரக்காற்று அந்த நீரைத் தடவி வரும்போது குளிர்ந்து மூடுபனியாகிறது. அதற்கு மேலே உலர்ந்த வெப்பக் காற்று மூடி போட்டாற்போல் இருப்பதால், பனி உயரே எழும்பிக் கலைய வழியில்லை.

இனி அதை உள்ளே இழுப்பது எது? மலைகளுக்கு அப்பால் இருக்கும் மத்தியப் பள்ளத்தாக்கு. அங்குள்ள சேக்ரமென்டோ நகரில் வெயில் 38 டிகிரிக்குப் போகும்போது காற்று சூடேறி எழும்புகிறது, அழுத்தம் குறைகிறது, கடல்காற்றை உறிஞ்சுகிறது. கரையோர மலைத்தொடரில் கடல்மட்டத்தில் திறந்திருக்கும் பெரிய வாசல் கோல்டன் கேட் நீரிணை. அகலம் ஒன்றரை கிலோமீட்டர் சொச்சம். பனி அந்த வாசல் வழியாகத்தான் நகரத்துக்குள் நுழைகிறது, வாசலின் குறுக்கேதான் பாலம் நிற்கிறது.

ஆக, உள்நாட்டில் வெயில் கொளுத்தினால் நகரத்தில் பனி. இரண்டு மூன்று நாள் கடல்காற்று உள்ளே போய் அங்கே குளிர்ந்ததும் இழுப்பு தளரும், நகரத்தில் வானம் திறக்கும். பிறகு மறுபடி முதலிலிருந்து. இலையுதிர் காலத்தில் வடமேற்குக் காற்று சோர்ந்துவிடும், கடல்நீரும் ஆண்டிலேயே அப்போதுதான் கொஞ்சம் வெதுவெதுப்பாகும், சில நாள் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கியே வீசும். அதனால் நகரத்தின் உண்மையான கோடை செப்டம்பரில் தொடங்குகிறது.

படி 2: எதைப் பார்க்க வருகிறீர்கள்?

ஒரு தாளில் எழுதிவிடுங்கள். பாலம் முழுதாகத் தெரிய வேண்டுமா? பனி பாலத்தின்மேல் வழிவதைப் படமெடுக்க வேண்டுமா? பச்சை மலைகளும் காட்டுப்பூக்களுமா? செலவு குறைய வேண்டுமா? பனியைப் படமெடுக்க வருபவருக்கு ஆகஸ்ட்தான் நல்ல மாதம். முதியவர்களோடு பாலத்தில் நடக்க வருபவருக்கு அதே ஆகஸ்ட் மோசமான மாதம்.

படி 3: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

செப்டம்பர், அக்டோபர்: பகல் உச்சம் 21, 22 டிகிரி, மழை அரிது, காற்று தணிவு. மாலை ஆறரைவரை வெளிச்சம் உண்டு. இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது வெப்ப அலை. 2017 செப்டம்பர் 1 அன்று நகர மையத்தில் 41 டிகிரி பதிவானது, இன்றுவரை அதுதான் உச்சம். இங்கே பழைய வீடுகளிலும் சிறு விடுதிகள் பலவற்றிலும் ஏசி கிடையாது; முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். இரண்டாவது காட்டுத்தீப் புகை. 2020 செப்டம்பர் 9 அன்று புகையால் நகரத்து வானம் பகலெல்லாம் செம்மஞ்சளாகவே இருந்தது. எல்லா ஆண்டும் இப்படி நேர்வதில்லை. ஆனாலும் ஆஸ்துமா உள்ளவர்கள் என்95 முகக்கவசத்தைப் பெட்டியில் வைத்துக்கொள்வது நல்லது.

ஏப்ரல், மே தொடக்கம்: இரண்டாவது நல்ல தேர்வு. உச்சம் 17, 18 டிகிரி. குளிர்கால மழையில் மலைகள் பச்சையாக இருக்கும், கலிபோர்னியா பாப்பி பூத்திருக்கும். பனி இன்னும் முழு பலத்தோடு இறங்கியிருக்காது. பிற்பகல் காற்று மட்டும் பலமாக இருக்கும். நம் ஆடிக்காற்றைக் குளிரவைத்தது போல. ஏப்ரலில் ஒன்றிரண்டு மழை நாளும் வரலாம்.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட்: பள்ளி விடுமுறைக் கூட்டம், ஏறிய விடுதிக் கட்டணம், கூடவே பனி. ஜூலை உச்சம் 19, 20 டிகிரியைத் தாண்டுவது அரிது. உள்ளூர்க்காரர்கள் 'ஃபாக்' (மூடுபனி) என்ற சொல்லைச் சேர்த்து ஆகஸ்டுக்கு 'ஃபாகஸ்ட்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு பனி என்பதற்குப் மூடுபனியில் கப்பல்களை எச்சரிக்க ஒலிக்கும் பாலத்தின் பனிச்சங்குகளே சாட்சி: மார்ச்சில் நாளுக்கு அரைமணி நேரம்கூட ஒலிக்காத சங்கு, கோடைப் பனிக்காலத்தில் நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேலும் ஒலிக்கும். பேரப்பிள்ளைகளின் விடுமுறையால் வேறு வழியில்லை என்றால் வருந்த வேண்டாம், படி 5 உங்களுக்காகவே இருக்கிறது.

நவம்பர் முதல் மார்ச் வரை: ஆண்டு மழை ஏறத்தாழ 580 மில்லிமீட்டரில் பெரும்பங்கு இந்த மாதங்களில்தான். ஆனால் இரண்டு மழைகளுக்கு நடுவே வரும் நாள்கள் இருக்கின்றனவே, கழுவித் துடைத்த கண்ணாடி போல! ஆண்டிலேயே தெளிவான காட்சி அப்போதுதான். ஜனவரி உச்சம் 14, இரவில் 8. சாம்பல் திமிங்கிலங்கள் கரையோரமாக வலசை போவதும் இந்தப் பருவத்தில்தான். டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பின் காற்றில்லாத இரவுகளில் மத்தியப் பள்ளத்தாக்கில் 'டூலி' என்ற வேறு வகை மூடுபனி தரையோடு தரையாகப் படியும். சேக்ரமென்டோ, ஃப்ரெஸ்னோ பக்கம் அதிகாலையில் கார் ஓட்டுவதைத் தவிர்த்துவிடுங்கள். சில அடிக்கு அப்பால் எதுவும் தெரியாமல் தொடர் விபத்துகள் நடக்கும் சாலைகள் அவை.

படி 4: தேதியை உறுதிசெய்யும் முன் பார்க்க வேண்டியவை

நகரத்தின் மாநாட்டு மையமான மாஸ்கோனி சென்டரில் பெரிய மாநாடு நடக்கும் வாரத்தில் விடுதிக் கட்டணம் இருமடங்குக்கும் மேல் போகும். இலையுதிர் காலத்தில் அங்கே மென்பொருள் மாநாடுகள் நடக்கும். ஜனவரி இரண்டாம் வாரத்தை ஒட்டி வேறொரு விடுதியில் நடக்கும் மருத்துவத்துறை மாநாடும் இதேபோல் கட்டணத்தை ஏற்றிவிடும். மாஸ்கோனியின் நிகழ்ச்சி அட்டவணையையும் ஜனவரி மாநாட்டின் தேதியையும் பார்த்து, அந்த வாரத்துக்கு முன்போ பின்போ நகர்த்துங்கள். அக்டோபரில் கடற்படை வாரமும் உண்டு: விமான சாகசம் பிடித்தவர்களுக்கு வரம், கூட்டம் பிடிக்காதவர்களுக்கு அன்று கரையோரம் வேண்டாம்.

பழைய சிறைச்சாலை இருக்கும் அல்கட்ராஸ் தீவுக்கான சீட்டு ஏறத்தாழ 3 மாதத்துக்கு முன்பே விற்பனைக்கு வரும், நல்ல பருவத்தில் வாரக்கணக்கில் முன்னதாகவே தீர்ந்துவிடும். விமானச் சீட்டு வாங்கிய கையோடு இதையும் வாங்கிவிடுங்கள். படகு 33ஆம் துறையிலிருந்து புறப்படும்.

விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நகர விமான நிலையத்தின் இணை ஓடுபாதைகளுக்கு இடையே வெறும் 750 அடிதான். மேகம் தாழ்ந்தால் மணிக்கு இறங்கக்கூடிய விமானங்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். கோடைக் காலைகளில் அமெரிக்காவுக்குள்ளிருந்து வரும் விமானங்கள் இதனால் தாமதமாகின்றன. இடையில் விமானம் மாறுவதாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே குறைந்தது 3 மணி நேரம் விடுங்கள். சான் ஹோசே, ஓக்லாந்து விமான நிலையங்களுக்கு வரும் சீட்டுகளையும் பாருங்கள்.

பாலத்துக்கென்று ஒரே நாளை ஒதுக்காதீர்கள். கோடையில் வருபவர் 3 நாள் கையில் வைத்துக்கொண்டு, வானம் திறக்கும் நாளுக்குப் பாலத்தை மாற்றிக்கொள்ளும்படி திட்டமிட வேண்டும். அருங்காட்சியகம் போன்ற கூரைக்கடியில் பார்ப்பவற்றை மற்ற நாள்களில் நிரப்புங்கள்.

படி 5: மணியும் பேட்டையும்

கோடையில் பனி இரவில் ஊருக்குள் பரவி, காலை 11 மணி முதல் பிற்பகல் 1 மணிக்குள் வெயிலில் கரைந்து கடல்பக்கம் பின்வாங்கும். 4 மணியை ஒட்டி மறுபடி நுழையும். நடுவில் கிடைக்கும் அந்த மூன்று நான்கு மணி நேரம்தான் உங்களுக்கு. காலை 8 மணிக்கே பாலத்துக்குப் போய் நின்று, பதினொரு மணிக்குச் சலித்துத் திரும்பிவிடுபவர்கள் ஏராளம். திரும்பும் வழியிலேயே வானம் திறந்துவிடும்.

நகரத்தின் நடுவே 922 அடி உயரத்தில் ட்வின் பீக்ஸ் நிற்கிறது. அந்தக் குன்றுகள் பனிக்கு அணை போலிருக்கின்றன. மேற்கே சன்செட், ரிச்மண்ட் பேட்டைகள் நாள் முழுதும் சாம்பல் பூத்துக் கிடக்கும்போது, கிழக்கே மிஷன், பொட்ரேரோ ஹில் பகுதிகளில் வெயில் அடிக்கும். இரண்டுக்கும் 5, 6 டிகிரி வேறுபாடு சாதாரணம். ஆகவே விடுதியைக் கிழக்குப் பாதியில் எடுங்கள். காலையைக் கிழக்கில் கழித்து நண்பகலில் மேற்கே நகருங்கள். கைபேசி காட்டும் வானிலை நகரத்துக்கு ஒரே எண் என்பதால் ஏமாற்றும். பேட்டைப் பெயரைத் தட்டெழுதித் தேடுங்கள்.

ஓஷன் பீச்சில் வெயில் அடித்தாலும் இடுப்பளவு நீரில்கூட இறங்க வேண்டாம். இழுவை நீரோட்டம் பொல்லாதது, தண்ணீரின் குளிர் சில நிமிடத்தில் கைகால்களை மரக்கச் செய்துவிடும். மெரினாவில் கால் நனைக்கிற பழக்கத்தில் இங்கே நிற்கக் கூடாது.

படி 6: முந்தைய மாலை பார்த்து முடிவெடுத்தல்

முதலில் நாளை சேக்ரமென்டோவில் எத்தனை டிகிரி என்று பாருங்கள். 38க்கு மேல் என்றால் நகரத்தில் பனி வலுவாக இழுபட வாய்ப்பு அதிகம். 30க்குக் கீழே இறங்கினால் பாலத்துக்கு நல்ல நாளாக இருக்கலாம். ஆனால் இலையுதிர் காலத்தில் நிலக்காற்று வீசினால் இரண்டு இடத்திலும் ஒருசேரச் சுடும், அப்போது இந்தக் கணக்கு செல்லாது.

காலையில் எழுந்ததும் கோஸ்-வெஸ்ட் செயற்கைக்கோளின் நேரடிப் படத்தைத் திறங்கள். கரையோரம் வெள்ளைப் பட்டையாகத் தெரிவதுதான் பனி. பத்து நிமிடத்துக்கொரு படமாக ஓடவிட்டால், விளிம்பு கடல்பக்கம் போகிறதா ஊர்ப்பக்கம் வருகிறதா என்று தெரிந்துவிடும். பின்வாங்குகிறது என்றால் கிளம்பலாம்.

படி 7: உடை

எந்த மாதமானாலும் மூன்று அடுக்கு: உள்ளே பருத்தி, நடுவே ஸ்வெட்டர், வெளியே காற்று புகாத மெல்லிய கோட்டு. குளிரைவிடக் காற்றுதான் வாட்டும், கம்பளிச் சால்வை மட்டும் போர்த்தினால் ஊடுருவிவிடும். சேலை கட்டுபவர்கள் உள்ளே லெக்கிங்ஸும் காலுக்குச் சாக்ஸும் ஷூவும் போட்டுக்கொள்ளுங்கள். பாலத்தின் நடைபாதையில் செருப்போடு நடப்பது சிரமம். பாலம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 2.7 கிலோமீட்டர். முதியவர்கள் முதல் கோபுரம்வரை போய்த் திரும்பினால் போதும்.

பனி விலகவே இல்லை என்றால்

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பனியைத் தேடியே போவது. பாலத்துக்கு வடக்கே உள்ள மியூர் வுட்ஸ் காட்டில் ரெட்வுட் மரங்கள் மழையற்ற கோடையைத் தாண்டுவதே இந்தப் பனியால்தான். இலைகளில் படிந்த ஈரம் சொட்டுச் சொட்டாக வேரில் இறங்குகிறது. பனிநாளில் அந்தக் காட்டின் அழகு வெயில் நாளில் கிடைக்காது. காரில் போனால் வண்டி நிறுத்த முன்பதிவு கட்டாயம். அங்கே கைபேசிச் சிக்னல் இல்லை என்பதால் அனுமதிச் சீட்டை முன்பே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

மற்றொன்று, பனிக்கு மேலே ஏறிவிடுவது. பாலத்துக்கு வடக்கே 2,571 அடி உயர டமால்பைஸ் மலை. அதன் ஈஸ்ட் பீக் உச்சிக்குச் சற்றுக் கீழேவரை கார் போகும். வழியில் பனிக்குள் நுழையும்போது முகப்பு விளக்கைத் தாழ்நிலையில் வையுங்கள். உயர்நிலை வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசவைக்கும். ஏறத் தொடங்கிய சில நிமிடத்தில் சட்டென்று நீல வானம் திறக்கும், கீழே நகரம் இருந்த இடத்தில் வெண்கடல். பனிப்படலம் மிகத் தடிமனான நாளில் இதுவும் பலிக்காது என்பதால், கிளம்பும் முன் மலைகளில் காட்டுத்தீயைக் கண்காணிக்க வைத்திருக்கும் கேமராக்களின் நேரலையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவை பொதுமக்களுக்கும் திறந்தவை. சூரியன் மறையும் நேரத்தில் மேல் சாலையின் கதவை மூடிவிடுவார்கள், அதற்குள் இறங்கிவிட வேண்டும்.