கார்னர் பூங்காவில் ஒரு ராத்திரி: முதல் தடவை போகிறவர்களுக்கு

டெக்சாஸில் கான்கன் ஊரை ஒட்டி, ஃப்ரியோ ஆற்றங்கரையில் இருக்கிறது கார்னர் மாநிலப் பூங்கா. ஆஸ்டினிலிருந்து காரில் மூன்று மணி நேரம். ஃப்ரியோ என்றால் ஸ்பானிஷில் 'குளிர்ந்த' என்று அர்த்தம். ஆகஸ்ட் வெயிலிலும் கால் வைத்ததும் சிலிர்க்கும்.

1. முன்பதிவு

நான் மண்ணைக் கவ்வியது இங்கேதான். 70 டாலருக்கு டெக்சாஸ் மாநிலப் பூங்காக்களுக்கான ஆண்டுப் பாஸ் வாங்கிவிட்டோமே, நேரே போய் நுழைய வேண்டியதுதான் என்று ஜூலை மாதச் சனிக்கிழமை ஒன்றில் கிளம்பினோம். போனால் இடமில்லை. மகள் பின்சீட்டில், ஆற்றில் மிதக்க ஊதி வைத்த டியூபைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீடு வரும்வரை அதை விடவில்லை.

பாஸ் இருந்தால் நுழைவுக் கட்டணம் மிச்சம், அவ்வளவுதான். இடத்தைத் தனியாகப் பிடிக்க வேண்டும். பகலில் போய்வர 30 நாள் முன்பிருந்தும், இரவு தங்க 5 மாதம் முன்பிருந்தும் இணையத்தில் பதியலாம். தங்கும் வாடகையில் நுழைவுக் கட்டணம் சேராது. ஆளுக்கு, நாளுக்கு என்று அது தனி. 12 வயது வரை இலவசம். நாலு பெரியவர்கள் ஒரே காரில் அடிக்கடி போனால் பாஸ் லாபம். பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே எங்கள் போனில் சிக்னல் விழவில்லை.

2. எங்கே படுப்பது?

கூடாரம் பழக்கமில்லையா? கொசுவலைச் சன்னல் வைத்த ஸ்கிரீன்டு ஷெல்டரை எடுங்கள். கூரை உண்டு, கட்டில் கிடையாது. பாய், தலையணை நம்முடையது. கேபின் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

3. கூடாரம்தான் என்றால்

கூடாரத்தோடு வரும் மெல்லிய முளைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கீழே சுண்ணாம்புப் பாறை. மூன்றாவது அடியில் கொக்கிபோல வளைந்துவிடும். தடித்த இரும்பு முளையும் கனமான சுத்தியலும் போதும். ரப்பர் சுத்தியலெல்லாம் வீண் செலவு.

4. சாப்பாடு

புளியோதரைதான் தோது. ஆனால் ராத்திரி டப்பாவைக் காருக்குள் பூட்டுங்கள். ரக்கூன் என்ற சிறு விலங்கு வரும். எங்கள் கூலரை (ஐஸ் பெட்டியை) திறந்து தயிர்ச்சாதத்தை வழித்துத் தின்றது; ஊறுகாயை மட்டும் முகர்ந்துவிட்டு வைத்துவிட்டது.

5. ஆற்றில்

குழந்தைக்கு லைஃப் ஜாக்கெட் போடுங்கள். கையில் மாட்டும் காற்றுப்பைகளை நம்பாதீர்கள். தலைக்குமேல் வானம் வெளுத்திருந்தாலும் வடக்கே, ஆறு வரும் பக்கம், மழை பெய்ததா என்று பாருங்கள். பாறை நிலம் தண்ணீரை உறிஞ்சாது, வெள்ளம் சட்டென்று பாய்ந்து வரும். தாழ்வான பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் வண்டியைத் திருப்பிவிடுங்கள்.

பிற்சேர்க்கை: பீர் கொண்டுபோகலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். டெக்சாஸ் மாநிலப் பூங்காக்களில் பொதுவிடத்தில் குடிக்கவோ வெளியே தெரிய வைத்திருக்கவோ கூடாது. ராத்திரி பாட்டுச் சத்தம் பற்றி இன்னொருவர் கேட்டார்: அது 1940களிலிருந்து கோடைதோறும் நடக்கும் ஜூக்பாக்ஸ் (காசு போட்டால் பாட்டுப் போடும் பெட்டி) நடனம். தூக்கம் முக்கியம் என்றால் நடன அரங்கிலிருந்து தள்ளி இடம் பிடியுங்கள். நாங்கள் பக்கத்திலேயே பிடித்தோம். என் மாமியார்தான் அரங்கிலிருந்து கடைசியாக எழுந்து வந்தார்.