சுகத்திற்கான ஜெபமும் சந்தேகமும்: என் அனுபவம்

சைதாப்பேட்டையிலிருந்து அம்மாவை ஆட்டோவில் டயாலிசிஸுக்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்த காலத்தில், சுகத்திற்காக நான் செய்யும் ஜெபம் கேட்கப்படுகிறதா என்ற சந்தேகம் என்னைப் பற்றிக்கொண்டது. வீட்டிற்கு வந்த ஊழியக்காரர் ஒருவர், விசுவாசக் குறைவினால்தான் சுகம் தாமதிக்கிறது என்று அம்மாவின் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாதத்தை வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மாற்கு 9-ஆம் அதிகாரத்தில், தன் அவிசுவாசம் நீங்க உதவும்படி கண்ணீரோடு மன்றாடிய தகப்பனின் மகனை இயேசு குணமாக்கினாரே தவிர, முதலில் சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பவில்லை. அப்போஸ்தலனாகிய பவுல், ‘மாம்சத்தில் ஒரு முள்’ என்று தாமே அழைத்த வேதனை நீங்க மூன்று முறை வேண்டியும் அது நீங்கவில்லை. தம் உடன் ஊழியரான துரோப்பீமுவை மிலேத்து என்னும் ஊரில் வியாதியாகவே விட்டுவந்ததாகவும் அவரே தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று அந்த ஊழியக்காரரும் சொல்லத் துணியமாட்டார்.

அதன்பின், மருத்துவத்தையும் ஜெபத்தையும் எதிரெதிராக நிறுத்துவதை விட்டேன். அம்மாவின் கையில் ஊசி ஏற்றும்போது, ‘எதுவரைக்கும்’ என்று கர்த்தரிடமே முறையிடும் 13-ஆம் சங்கீதத்தை மெல்ல வாசிப்பேன். அம்மாவும் உடன் சொல்லுவார். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினினின் அளவு இரத்தத்தில் ஏறிய நாள்களில் சந்தேகம் இன்றும் தலைதூக்கும். அதையும் மறைக்காமல் ஜெபத்திலேயே சொல்லிவிடுகிறேன்.