நடைபாதையைத் தூக்கும் வேர்: மரத்தை இழக்காமல் பாதையைச் சீராக்கும் முறை

நடைபாதையில் ஒரு சிமெண்ட் பலகை தூக்கிக்கொண்டு நின்றால், பெரும்பாலானோர் முதலில் தேடுவது கோடரியைத்தான். யாராவது தடுக்கி விழுந்துவிடுவார்களே என்ற அக்கறையில் எழும் அவசரம் அது. ஆனால் உடைந்த பலகையை இரண்டு நாளில் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட முடியும். முப்பது ஆண்டுகளாகப் பருத்த வேரை வெட்டிவிட்டால் அதைத் திரும்பப் பெற வழியே இல்லை. ஆகவே பாதையில் செய்யக்கூடிய மாற்றங்களை எல்லாம் முதலில் பார்த்துவிட்டு, வேரில் கைவைப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மரத்தின் வேர் அது நிற்கும் உயரத்துக்கு நிலத்தில் ஆழமாக இறங்கியிருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் வேர்களில் மிகப் பெரும்பகுதி மேல்மண்ணின் முதல் 60 சென்டிமீட்டருக்குள்தான் பரவியிருக்கிறது; பக்கவாட்டில் கிளைகளின் நிழலையும் தாண்டி வெகுதூரம் போகிறது. வேருக்கு நீர் வேண்டும், காற்றும் வேண்டும். பாதை போடும்போது அடிமண்ணை இடித்து இறுக்கிவிடுவதால் கீழே காற்றுக்கு இடமில்லை. இறுகிய மண்ணுக்கும் பலகைக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியில் மட்டும் காற்றும் ஈரமும் இருக்கின்றன. தூக்கிய பலகை ஒன்றை மெதுவாகப் புரட்டிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். பலகையின் அடிப்புறம் வியர்த்ததுபோல் ஈரமாக இருக்கும். அதை ஒட்டிச் சல்லிவேர்கள் பாய் பின்னியதுபோல் படர்ந்திருக்கும். நடுவில் ஓடும் தடித்த வேரின் மேல்பக்கம் பலகையில் அழுந்தித் தட்டையாகியிருக்கும். இடைவெளியில் நூல்போல நுழைந்த வேர் ஆண்டுதோறும் பருக்கப் பருக்க, பலகை மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை.

பழியை வேரின்மேல் போடுமுன், உண்மையில் வேர்தான் காரணமா என்று உறுதி செய்யுங்கள். அடிமண் தாழ்ந்து ஒரு பலகை இறங்கினாலும் அடுத்த பலகை உயர்ந்தது போலவே தோன்றும். நீர்க்குழாய்க் கசிவு, மழைநீர் அரிப்பு, சரியாக இடிக்காத அடித்தளம் ஆகியவையும் விரிசலைக் கொண்டுவரும். ஏற்கெனவே விரிசல் விட்ட இடத்தில் காற்றும் நீரும் இறங்குவதால் வேர் அங்கே பின்னால் வந்து சேர்வதும் உண்டு.

அடுத்தது அளவு. தரையிலிருந்து சுமார் 1.4 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை நாடாவால் அளந்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். சுற்றளவு 125 சென்டிமீட்டர் என்றால் விட்டம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். அந்த விட்டத்தைப்போல் 12 மடங்கு, அதாவது மரத்தைச் சுற்றி 4.8 மீட்டர் ஆரம், கவனத்துடன் வேலை செய்யவேண்டிய வட்டம் ஆகும். அதற்குள் இயந்திரத்தால் தோண்டுவதோ, கனமான வண்டியை நிறுத்துவதோ, ஜல்லியும் மணலும் குவிப்பதோ கூடாது. தெருவோர மரமும் நடைபாதையும் பொதுவாக உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பில் இருப்பவை என்பதால், வேலை தொடங்குமுன் அனுமதி பெற்றுவிடுங்கள்.

மேடு 2 அல்லது 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால் பலகையின் விளிம்பைத் தேய்த்துச் சரிவாக்குவதே போதும். 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள பலகையில் அதற்குமேல் தேய்த்தால் பலகை பலவீனமாகிவிடும். தாழ்ந்த பக்கத்தில் கலவை பூசிச் சிறு சாய்தளம் அமைப்பது இன்னொரு வழி. இவை தற்காலிகத் தீர்வுகளே என்றாலும், பாதசாரிகளின் ஆபத்தை அன்றே நீக்கிவிடுகின்றன. நிரந்தர வேலையை நிதானமாகத் திட்டமிடவும் அவகாசம் தருகின்றன.

நிரந்தரத் தீர்வுக்கு இடம் இருந்தால், பாதையை மரத்திலிருந்து சற்று வளைத்து விலக்கிக் கொண்டுபோவதைவிடச் சிறந்த முறை இல்லை. விலக்க முடியாத இடத்தில் மரத்தைச் சுற்றியுள்ள மண்குழியைப் பெரிதாக்கி, அந்த இடத்தில் மட்டும் பாதையைக் குறுக்கலாம். ஆனால் சக்கர நாற்காலி தடையின்றிச் செல்லும் அகலத்தை விட்டுவைக்க வேண்டும். அதற்கும் வழியில்லை என்றால் பாதையின் மட்டத்தையே உயர்த்துங்கள். பழைய பலகைகளை எடுத்தபின் வேரைச் சீவாமல், வேருக்கும் புதிய தளத்துக்கும் நடுவே, பொடி கலவாத பெரிய ஜல்லியைப் பரப்பி, அதன்மேல் துணிபோன்ற வடிகட்டி விரிப்பைப் போட்டுத் தளம் அமைக்கலாம். ஜல்லிக் கற்களின் இடைவெளி ஈரத்தைத் தேக்கிவைக்காததால் சல்லிவேர்கள் அங்கே ஏறத் தயங்கும். பருக்கும் வேருக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கும். தளத்தைக் கான்கிரீட்டாகவே போட விரும்பினால், கம்பி வைத்துக் கட்டிய பலகையாகப் போடுங்கள். வேர் தூக்கினாலும் அது துண்டுதுண்டாக உடையாது. என்னைக் கேட்டால், பெரிய மரத்தின் அருகே தனித்தனித் தளக்கற்களையே பரிந்துரைப்பேன். மேடு தோன்றும்போது நான்கைந்து கற்களை எடுத்து, அடியைச் சமன்செய்து, அதே கற்களைத் திரும்ப அடுக்கிவிடலாம். கற்களின் இடுக்கு வழியே மழைநீரும் மண்ணுக்குள் இறங்கும்.

இத்தனைக்குப் பிறகும் வேரை வெட்டத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், எந்த வேர், எவ்வளவு தூரத்தில் என்பதே மரத்தின் உயிரை முடிவு செய்கிறது. அடிமரத்திலிருந்து விட்டத்தின் 3 மடங்கு தூரத்துக்குள் இருக்கும் வேர்கள் மரத்தைத் தாங்கி நிற்பவை. அவற்றைத் தொடவே கூடாது. மேலே சொன்ன 40 சென்டிமீட்டர் மரத்துக்கு அது 120 சென்டிமீட்டர். முடிந்தால் 5 மடங்கு, அதாவது 2 மீட்டர், தள்ளியே வெட்டுங்கள். 5 சென்டிமீட்டருக்கு மேல் தடித்த வேரை, மர வல்லுநர் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லாமல் வெட்டாதீர்கள். ஒரு பக்கத்தில் வெட்டினால், எதிர்ப்பக்கத்து வேர்களைச் சில ஆண்டுகளுக்காவது விட்டுவைக்க வேண்டும். கால்வாய்க்காக ஒரு பக்கத்து வேர்களை அடிமரத்தை ஒட்டியே வரிசையாக அறுத்துவிட்ட மரம், பச்சை இலைகளுடன் நன்றாக நிற்பதுபோலவே நின்று, பின்னொரு நாள் பெருங்காற்றில் எதிர்ப்பக்கம் சாய்ந்து விழக்கூடும்.

வெட்டும் முறை இதுதான். முதலில் கையாலோ சிறு கரண்டியாலோ மண்ணை விலக்கி வேரை முழுவதும் வெளிக்கொணருங்கள். காற்றை அழுத்தத்துடன் பீய்ச்சி மண்ணை அகற்றும் கருவி கிடைத்தால் வேர் காயப்படாது. கோடரியாலோ தோண்டும் இயந்திரத்தாலோ இழுத்தால் வேர் பிய்ந்து, பிளவு அடிமரம் நோக்கி ஓடும். கூரான கைரம்பத்தால், வேரின் போக்குக்குக் குறுக்காக, ஒரே நேர்வெட்டாக அறுங்கள். வெட்டுவாயில் தாரோ வண்ணமோ பூச வேண்டாம். அழுகலை அது தடுப்பதில்லை. திறந்த வேர்களை அன்றைக்கே மூட இயலாவிட்டால் ஈரமான சணல் சாக்கால் போர்த்துங்கள், ஏனெனில் சல்லிவேர்கள் வெயிலில் சற்று நேரத்திலேயே காய்ந்துவிடும். கடும் வறட்சிக் காலத்தில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

வேர் குறைந்ததை ஈடுகட்டக் கிளைகளையும் கழிக்கும் பழக்கம் தவறானது. புது வேர் விட மரத்துக்கு உணவு வேண்டும். அதைச் சமைப்பவை இலைகளே. உரமும் உடனே வேண்டாம். மழையில்லாத நாட்களில் மண் ஆழமாக நனையும்படி நீர் விடுங்கள். 5 முதல் 10 சென்டிமீட்டர் கனத்துக்குச் சருகு மூடாக்கு இடுங்கள். ஆனால் அது அடிமரத்தைத் தொடக்கூடாது.

மீண்டும் வேர் வராமலிருக்கப் பலர் வேர்த்தடுப்புத் தகடு பதிக்கிறார்கள். 45 முதல் 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் செங்குத்தாக, மேல்விளிம்பு மண்ணுக்குச் சற்று மேலே தெரியும்படி பதித்தால் அது சில ஆண்டுகள் பயன் தரும். அடிமண் இறுகியிருந்தால், தகட்டின் கீழே புகுந்த வேர் மறுபுறம் திரும்பவும் மேலேறும். வளர்ந்த மரத்தின் பக்கத்தில் தகட்டுக்காகப் பள்ளம் தோண்டுவதே ஒரு வேர்வெட்டு என்பதையும் மறக்கக்கூடாது. ஆகவே கன்று நடும்போது பதிப்பதே முறை. ஆல், அரசு போன்ற அத்தி இனத்து மரங்களைக் குறுகிய மண்பட்டையில் நடாமலிருப்பது எந்தத் தகட்டையும்விட நல்ல பாதுகாப்பு.

வேரை வெட்டிய மரத்தை அடுத்த சில ஆண்டுகளுக்கு, குறிப்பாகக் காற்றுக்காலத்துக்குப் பின், நின்று பாருங்கள். அடிமரம் சாய்ந்திருக்கிறதா, எதிர்ப்பக்கத்து மண்ணில் வெடிப்பு தெரிகிறதா, தூரில் காளான் முளைத்திருக்கிறதா, நுனிக்கிளைகள் காய்கின்றனவா என்று கவனித்து, ஒன்று தெரிந்தாலும் வல்லுநரை அழையுங்கள். எந்தப் பக்கம், எவ்வளவு தடித்த வேர், அடிமரத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் வெட்டப்பட்டது என்பதைப் படத்துடனும் தேதியுடனும் எழுதி வையுங்கள். அடுத்த முறை அங்கே தோண்டவருபவர் எதிர்ப்பக்கத்து வேரை வெட்டிவிடாமல் தடுக்க அந்தக் குறிப்பு தேவைப்படும்.